துகளுக்கும் துகளுக்கும் நடுவே

எங்கள் தொழிலில் எந்த நாளும் குடுவை கழுவுவதில்தான் தொடங்கும். சோப்பு போதாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த ராஜ திராவகத்தில் கண்ணாடிப் பாத்திரங்களை ஊறவைத்து, தூய நீரில் திரும்பத் திரும்ப அலசி, தூசு படாமல் காயவைக்க வேண்டும். முந்தைய சோதனையின் தங்கத் துணுக்கு ஒன்று கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும், புதிதாகப் பிறக்கும் துகள்கள் அதன்மேல் படிந்து தாறுமாறாக வளர்ந்துவிடும். குடுவைக்குள் சுழலும் காந்தக் கட்டையின் டெஃப்லான் உறையில் கீறல் விழுந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கீறலுக்குள் பழைய தங்கம் தங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். ஆனால் ஒரு மாணவரின் முதல் ஆறு மாதம் நன்றாகப் போவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்தக் கழுவலைப் பொறுத்தே இருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது 1990-களின் நடுவில். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு, சில காலம் வெளிநாடு, பிறகு சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம். மூலக்கூறுகளையும் நானோ துகள்களையும் கூட்டிச் சேர்த்துப் பயன்படும் பொருளாக்குவது எங்கள் வேலை என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் செங்கல் அடுக்கும் கொத்தனார் வந்துவிடுகிறார். கொத்தனார் ஒவ்வொரு கல்லையும் கையால் எடுத்து வைக்கிறார். எங்களால் அது முடியாது. ஒரு சொட்டுத் தங்கக் கூழ்மத்தில் ஆயிரக்கணக்கான கோடித் துகள்கள் இருக்கும். அவை தாமாகத்தான் அடுக்காக அமைய வேண்டும். துகளின் மேல் என்ன மூலக்கூறு ஒட்டியிருக்கிறது, சுற்றி என்ன திரவம், அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மெதுவாகக் காய்கிறது என்பவற்றை மட்டுமே நாங்கள் தீர்மானிக்கிறோம். பொருளின் குணமும் அங்கேயேதான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. துகளைச் செய்யப் பழகச் சில வாரங்கள் போதும். துகளுக்கும் துகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளவே என் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

நான் முதலில் கற்றது தங்கக் கூழ்மம். அதற்கு வேண்டிய தங்க உப்பை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுப்படியாகாத காலம் அது. பேராசிரியர் நகைக்கடையில் 24 காரட் காசு ஒன்று வாங்கி வருவார். அதை ராஜ திராவகத்தில் கரைத்து, சிறிதளவு வெள்ளி இருந்தால் வெள்ளைப் படிவாக அடியில் தங்குவதை வடிகட்டி, அமிலத்தைப் பக்குவமாக ஆவியாக்கினால் மஞ்சள் நிறக் கரைசல் கிடைக்கும். அதை நீர்க்கச் செய்து கொதிக்கவைத்து, சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும். சற்று நேரத்தில் கருநீலம் தட்டும். பிறகு ஊதா, கடைசியில் திராட்சை ரசச் சிவப்பு. துர்கெவிச் 1951-இல் விவரித்த முறை இது. சிட்ரேட்டின் அளவைக் கூட்டியும் குறைத்தும் துகளின் பருமனை மாற்றலாம் என்று 1973-இல் ஃப்ரென்ஸ் காட்டினார். வழக்கமான செய்முறையில் வரும் 13 நானோமீட்டர் துகள் ஒன்றில் 60, 70 ஆயிரம் தங்க அணுக்கள் இருக்கும்.

இந்தச் சிவப்பை மைக்கேல் ஃபாரடே 1850-களிலேயே செய்து பார்த்தார். அவர் செய்த கூழ்மங்களில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் சிவப்பாகவே இருக்கின்றன. உப்பைச் சேர்த்தால் சிவப்பு நீலமாகிவிடுவதையும் அவர் கவனித்திருந்தார். என் ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாள் இதைத்தான் செய்து காட்டுவேன். சிவப்புக் கூழ்மத்தில் ஒரு சிட்டிகை உப்பு. கண் முன்னே நீலம். தங்கம் அதே தங்கம்தான், துகளின் பருமனும் மாறவில்லை. சிட்ரேட் ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு துகளும் எதிர்மின்னூட்டம் கொண்டு மற்றதை விலக்கிக்கொண்டிருந்தது. உப்பு அந்த விலக்கலை மறைத்துவிட்டது. துகள்கள் நெருங்கின. இடைவெளி துகளின் பருமனைவிடக் குறையும்போது, ஒன்றின் எலெக்ட்ரான்கள் ஒளிக்கு ஆடும் ஆட்டம் அடுத்ததன் ஆட்டத்தோடு கோத்துக்கொள்கிறது. 520 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சிக்கொண்டிருந்த கூழ்மம் அதைவிட நீண்ட அலைகளை உறிஞ்சத் தொடங்குகிறது. மாறியது இடைவெளி ஒன்றுதான்.

ஒரு கோடைக்காலம் நினைவிருக்கிறது. மாணவி ஒருத்தி காலையில் ஓடிவந்தாள். "மேடம், நேத்து வரைக்கும் நல்லா செவப்பா வந்துச்சு. இன்னைக்கு மூணு தடவை போட்டும் நீலமாவே நிக்குது."

"தண்ணி எங்கம்மா எடுத்தே?"

"அதே மெஷின்தான் மேடம்."

அதே இயந்திரம்தான். ஆனால் கட்டடத்துக்கு வரும் நீர் அந்த வாரம் மாறியிருந்தது. கிணறு வற்றி லாரி நீர் வந்துகொண்டிருந்தது. நிலத்தடி உப்பு ஏறிய நீர் அயனி நீக்கும் பெட்டியை வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் தீர்த்துவிட்டது. மின்தடை 18 மெகா ஓம் காட்ட வேண்டிய மானி அதில் ஒரு சிறு பங்கையே காட்டியது. அன்றிலிருந்து எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சோதனையின் தலைப்பிலும் நீரின் மின்தடை எழுதப்படுகிறது. சென்னையில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் ஒரே செய்முறை இரண்டு விதமாக நடப்பதற்குப் பாதிக் காரணம் நீர், மீதி காற்றின் ஈரம்.

சிட்ரேட் கூழ்மத்துக்கு ஒரு பெரிய குறை. அதைக் காயவைத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு மீண்டும் பிரியாது. நீரிலேயே வைத்துக் காக்க வேண்டும். 1994-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலிருந்து புருஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் வெளியிட்ட கட்டுரை அதை மாற்றியது. இரண்டே பக்கம். நூலகத்தில் எடுத்த அதன் ஜெராக்ஸ் நகல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைமாறிக் கைமாறி மடிப்பிலேயே கிழிந்துபோனது. தங்க உப்பை நீரிலிருந்து டொலுயீனுக்குக் கடத்தி, கந்தகத் தலையும் நீண்ட கார்பன் வாலும் கொண்ட தயால் மூலக்கூறைச் சேர்த்து, சோடியம் போரோஹைட்ரைடு கரைசலை வேகமாகக் கலக்கியபடி விட வேண்டும். நொடியில் கருமை. எத்தனால் விட்டுப் படியவைத்தால் கரும்பழுப்புப் பொடி கிடைக்கும். அதைச் சீசாவில் போட்டு அலமாரியில் வைக்கலாம், வேண்டும்போது டொலுயீனில் கரைக்கலாம். கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, கார்பன் வால்கள் வெளியே நீட்டி நின்று துகள்களை ஒட்டவிடாமல் காக்கின்றன. ஒன்று முதல் மூன்று நானோமீட்டர் வரையான உலோகத் துகளைச் சாதாரண வேதிப்பொருளைப் போல எடைபோட்டுக் கையாள முடியும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. வாலின் நீளத்தை மாற்றினால் இடைவெளி மாறும். இடைவெளியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, 1996 ஆகஸ்டில், நேச்சர் இதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று சாட் மிர்கின் குழுவினுடையது, மற்றது பால் அலிவிசாடோஸ், பீட்டர் ஷுல்ஸ் ஆகியோரின் குழுவினுடையது. இரண்டு குழுவும் தங்கத் துகளில் டி.என்.ஏ. இழைகளை ஒட்டியிருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தும் இழைகள் பின்னிக்கொள்ளும்போது துகள்கள் சேரும். மிர்கின் குழுவின் கூழ்மம் சிவப்பிலிருந்து ஊதாவாகி, சூடாக்கினால் இழை பிரிந்து மறுபடி சிவப்பாகும். இடைவெளியை எழுத்தால் எழுதி வைக்கலாம் என்று ஆயிற்று. எங்கள் துறையில் பலர் இனி எல்லாம் கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அந்தத் துகள்கள் உருண்டு திரண்ட கட்டிகளாகத்தான் சேர்ந்தன, ஒழுங்கான படிகமாக அல்ல. மிர்கின் குழுவும் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஓலெக் காங் குழுவும் டி.என்.ஏ.வால் உண்மையான முப்பரிமாணப் படிகம் செய்து காட்டியது 2008-இல். கருத்துக்கும் ஒழுங்கான பொருளுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள், அதுவும் உலகின் தலைசிறந்த ஆய்வுக்கூடங்களில். வேலையில் சேரும் மாணவர்களுக்கு இந்தக் காலக்கணக்கைக் கட்டாயம் சொல்லிவிடுவேன். மூன்று மாதத்தில் முடிவு கேட்கும் நிதிக்குழுக்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒழுங்கு ஏன் அவ்வளவு கடினம் என்பதை நான் கற்றது எலெக்ட்ரான் நுண்ணோக்கியில். 1990-களில் எங்களிடம் அந்தக் கருவி இல்லை. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலைத்தகட்டில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, சிறு பெட்டியில் பத்திரமாக அடைத்து, வேறு ஊரிலிருந்த நிறுவனத்துக்கு ரயிலில் எடுத்துப் போவோம். ஒரு மாதிரிக்கு நான்கைந்து படம்தான் எடுக்கவிடுவார்கள். இருட்டறையில் பிலிம் கழுவி வரும்வரை என்ன கிடைத்தது என்று தெரியாது. அங்கே கருவியை இயக்கிய பெரியவர் வேதியியல் படித்தவர் அல்ல. ஆனால் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்: "தம்பி, பாப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. நடுவுல பாக்காதீங்க, ஓரத்துல பாருங்க. அங்கதான் நல்லா அடுக்கா இருக்கும்."

அவர் சொன்னது சரி. சொட்டு காயும்போது ஓரம் முதலில் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளிருக்கும் திரவம் துகள்களையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. மேசையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருத்து நிற்பதும் இதனால்தான் என்று டீகன் குழுவினர் 1997-இல் நேச்சரில் விளக்கினார்கள். நாங்கள் அதைப் படித்ததும் காயும் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கினோம். மாதிரியின் மேல் கண்ணாடி மூடி, உள்ளே ஒரு பஞ்சில் டொலுயீன், மேசை அதிராமலிருக்க அடியில் கருங்கல் பலகை. ஒரு மணி நேரத்தில் காய்ந்த படலத்துக்கும் இரண்டு நாளில் காய்ந்த படலத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். துகள் ஒவ்வொன்றும் தனக்கான இடத்தைத் தேடி நகர்ந்து அமர நேரம் வேண்டும். திரவம் அதற்குள் போய்விட்டால் எங்கே நிற்கிறதோ அங்கேயே உறைந்துவிடும்.

இன்று டிஜிட்டல் கருவி ஒரு மதியத்தில் நூற்றுக்கணக்கான படம் தருகிறது. இதில் ஒரு கெடுதலும் உண்டு. நூறில் அழகான ஒன்றைத் தேர்ந்து கட்டுரையில் போட்டுவிட முடிகிறது. மற்ற தொண்ணூற்றொன்பதில் துகள்கள் எப்படிக் கிடந்தன என்று படிப்பவருக்குத் தெரியாது. மாதிரி முழுவதும் ஒழுங்கா என்று அறிய எக்ஸ் கதிர்ச் சிதறல் வேண்டும். அதற்கு இந்தூரில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. முறை வைத்துக் காத்திருந்து போய் அளந்து வந்தால், படத்தில் அருமையாகத் தெரிந்த மாதிரிகளில் சில அங்கே தேறாது. தேறாததைத் தேறவில்லை என்று எழுதுவதுதான் முறை.

குவாண்டம் புள்ளிகள் எனப்படும் குறைக்கடத்தித் துகள்களுக்கு நாங்கள் தாமதமாகத்தான் வந்தோம். பவெண்டி, மரே, நாரிஸ் மூவரும் 1993-இல் காட்மியம் செலினைடு துகள்களைச் சீரான பருமனில் செய்யும் முறையை வெளியிட்டிருந்தார்கள். மிகவும் சூடான ஒரு திரவத்துக்குள் மூலப்பொருள்களை ஊசியால் சட்டென்று செலுத்துவது. முறை எளிது. ஆனால் அதற்கு வேண்டிய டைமெத்தில் காட்மியம் கொடிய நஞ்சு, காற்று பட்டால் தீப்பிடிப்பது. எங்கள் கட்டடத்தில் அதை வைக்கத் துணியவில்லை. 2001-இல் பெங் குழுவினர் அதற்குப் பதிலாகக் காட்மியம் ஆக்சைடு போதும் என்று காட்டியபோதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது. பிறகு அவர்கள் வழியிலேயே ஒலியிக் அமிலமும் ஆக்டடிசீனும் வந்தன. ஒரே பொருள், பருமன் மட்டும் வேறு. இரண்டு நானோமீட்டர் அருகே நீலம், ஆறு நானோமீட்டர் அருகே சிவப்பு. பவெண்டி, புருஸ், எகிமோவ் ஆகியோருக்கு 2023-இல் நோபல் கிடைத்தது.

இந்தத் துகள் செய்வதில் எங்களை வியக்கவைத்தது வேறொன்று. திரவமாகப் பயன்பட்ட டி.ஓ.பி.ஓ. என்ற பொருளை 90 விழுக்காடு தூய்மையில் வாங்கினால் சோதனை நன்றாக வரும், 99 விழுக்காட்டில் வாங்கினால் வராது. மலிவான சீசாவில் மாசாகக் கலந்திருந்த ஃபாஸ்போனிக் அமில வகைகள்தான் துகளின் மேல் ஒட்டி அதன் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தின என்பது பின்னால் பல குழுக்களின் உழைப்பால் தெளிவானது. தங்கக் குச்சிகளிலும் இதே கதை. சீடேப் என்ற சோப்பு போன்ற பொருள் இல்லாமல் தங்கத் துகள் குச்சியாக நீளாது. ஆனால் எந்த நிறுவனத்தின் சீடேப் என்பதைப் பொறுத்துக் குச்சி வரும், வராமல் உருண்டையாகவும் வரும். பல ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் தங்கள் கைராசியை நொந்துகொண்டார்கள். 2008-இல் கோர்கெலும் அவர் மாணவரும் வெவ்வேறு சீசாக்களை ஒப்பிட்டு எழுதினார்கள். தொடர்ந்து வந்த ஆய்வு, மிக நுண்ணிய அளவிலிருக்கும் அயோடைடு மாசுதான் காரணம் என்று காட்டியது. அயோடைடு தங்கத்தின் சில முகங்களில் இறுக ஒட்டிக்கொண்டு வளர்ச்சியின் திசையையே மாற்றுகிறது. என் மாணவர்களுக்கு அந்தக் கட்டுரைகள் வந்த வாரம் பெரிய ஆறுதலாக இருந்தது. அதுமுதல் சீசாவின் லாட் எண்ணை எழுதாத நோட்டுப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

துகள்களை அடுக்கியாயிற்று, இனி மின்சாரம் பாய வேண்டும். அங்கேயும் நடுவில் இருப்பதுதான் பிரச்சினை. ஒலியிக் அமிலம் 18 கார்பன் கொண்ட வால், சுமார் இரண்டு நானோமீட்டர் நீளம். துகளைக் கரைசலில் காத்த அதே வால், படலமான பிறகு எலெக்ட்ரானுக்குச் சுவராகிறது. இடைவெளி ஒரு நானோமீட்டர் கூடினாலே எலெக்ட்ரான் தாவும் வாய்ப்பு ஆயிரக்கணக்கான மடங்கு சரியும். டலாபினும் மரேயும் 2005-இல் ஈய செலினைடு படலத்தை ஹைட்ரசீனில் நனைத்து, நீண்ட வால்களைக் கழற்றி, அதுவரை மின்சாரமே பாயாத படலத்தை டிரான்சிஸ்டராக்கிக் காட்டினார்கள். நாங்கள் ஹைட்ரசீனின் ஆபத்தைக் கருதி ஈத்தேன் டைதயாலை எடுத்துக்கொண்டோம். நீண்ட வால் போய்க் குட்டையான மூலக்கூறு வந்ததும் படலம் சுருங்குகிறது. சுருங்கினால் கோடைக் கண்மாய்த் தரையாக வெடிப்பு விடும். வெடிப்பை நிரப்ப அதன்மேல் இன்னொரு படலம், மறுபடி மாற்றம், மறுபடி படலம். அந்த வேலையைக் கற்க எந்தக் கட்டுரையும் போதாது. அருகில் நின்று பார்த்தே கற்க வேண்டும். எங்கள் மாணவர்கள் இருவரை வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியதன் ஒரே நோக்கம் அதுதான்.

இதற்கிடையே நாட்டில் பணம் வந்தது. 2001-இல் மத்திய அரசு நானோ அறிவியலுக்கென முதல் முன்னெடுப்பைத் தொடங்கியது. 2007-இல் ஐந்து ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாயோடு நானோ மிஷன் வந்தது. சி.என்.ஆர். ராவ் போன்றவர்களின் விடாமுயற்சி அதன் பின்னால் இருந்தது. ரயிலில் மாதிரி தூக்கிப் போன எங்களுக்குச் சொந்தக் கருவிகள் கிடைத்தன. அதை நன்றியோடுதான் சொல்கிறேன். கூடவே வேறொன்றும் வந்தது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2004-இல் எலுமிச்சம்புல் சாற்றில் முக்கோணத் தங்கத் தகடுகள் செய்து காட்டினார்கள். அருமையான வேலை. எப்படி வளர்கிறது என்பதைக் கவனமாக ஆராய்ந்த கட்டுரை. அதைத் தொடர்ந்து வேம்பு, துளசி, கீழாநெல்லி என்று கிடைத்த இலை ஒவ்வொன்றிலும் சாறெடுத்து வெள்ளித் துகள் செய்ததாகக் கட்டுரைகள் பெருகின. அவற்றில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டு எனக்கு வருத்தமே மிஞ்சியது. சாற்றில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள். எது வெள்ளியைத் துகளாக்கியது, எது அதன்மேல் ஒட்டியது என்ற கேள்வியைக் கேட்காமலே கட்டுரை முடிந்துவிடும். துகளின் மேல் என்ன இருக்கிறது என்று தெரியாத துகளை வைத்து அடுத்த படி எதையும் கட்ட முடியாது. சிறு ஊர்க் கல்லூரிகளில் உற்சாகமுள்ள எத்தனையோ பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படிப் போயின. அவர்களை வழிநடத்தியவர்கள் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும்.

2007-இல் வந்த இன்னொரு கட்டுரை என் மனத்திலிருந்த படத்தையே திருத்தியது. ஸ்டான்ஃபோர்டில் ரோஜர் கோர்ன்பெர்க் குழுவினர் 102 தங்க அணுக்களும் 44 தயால் மூலக்கூறுகளும் கொண்ட கொத்தைப் படிகமாக்கி, ஒவ்வொரு அணுவின் இடத்தையும் கண்டார்கள். தங்க உருண்டையின் மேல் கந்தகம் முள்போலக் குத்தி நிற்கிறது என்றுதான் நாங்கள் கரும்பலகையில் வரைந்து வந்தோம். உண்மையில் கந்தகம் மேற்பரப்பிலிருந்து தங்க அணுவைத் தூக்கி எடுத்து, கந்தகம், தங்கம், கந்தகம் என்று ஒரு வளைவாகக் கட்டிக்கொண்டிருந்தது. போர்வை வேறு, உள்ளே இருப்பது வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் குழுவினர், 25 தங்க அணுக் கொத்தையும் 44 வெள்ளி அணுக் கொத்தையும் ஒரே கரைசலில் விட்டால் அவை தமக்குள் அணுக்களை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். சீசாவில் அசையாமல் கிடக்கும் கட்டுமானக் கல் என்று நாம் நினைப்பது பக்கத்துக் கல்லோடு கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு வகைத் துகளைக் கலந்து பொருள் செய்யும் எவரும் இதை மறக்கக் கூடாது.

மூலக்கூறுகளையே கல்லாக வைத்துக் கட்டும் உலோக–கரிமச் சட்டகங்களில் வெற்றிடமே பொருள். மெல்போர்னில் ரிச்சர்ட் ராப்சன் 1970-களில் மாணவர்களுக்காக மரப்பந்துகளில் துளையிட்டுப் படிக மாதிரி செய்தபோது அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-இல் நோபல் கிடைத்தது. யாகி குழுவின் 1999-ஆம் ஆண்டு எம்.ஓ.எஃப்-5 ஒரு கிராமுக்கு 2,000 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு கொண்டது. ஆனால் காற்றின் ஈரம் பட்டால் சிதையும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகையில் அதைத் திறந்து வைப்பதற்கில்லை. அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து வந்த செப்புச் சட்டகத்தோடுதான் நாங்கள் நாள்பட வேலை செய்தோம். ஈரத்தோடு வெளிர் நீலம், வெற்றிடத்தில் சூடாக்கித் துளைகளைக் காலியாக்கினால் கருநீலம், சீசாவைத் திறந்தால் சற்று நேரத்தில் மறுபடி வெளிர் நீலம். துளை நிரம்பியதா, காலியா என்று கருவியில்லாமலே கண் சொல்லிவிடும். படிகம் செய்வது ஓர் இரவு வேலை. உள்ளே தங்கிய கரைப்பானைச் சட்டகம் நொறுங்காமல் வெளியேற்றுவதுதான் உண்மையான வேலை.

இத்தனையும் மக்கள் கைக்கு எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். கொரோனா காலத்தில் வீட்டிலேயே சளி எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்த சோதனைப் பட்டையில் தோன்றிய சிவப்புக் கோடு, பெரும்பாலான பட்டைகளில், தங்கக் கூழ்மம். கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும் பெரும்பாலும் அதுவே. 40 நானோமீட்டர் அளவிலான தங்கத் துகளின் மேல் எதிர்ப்பு உடல் என்ற புரதத்தைப் போர்த்தி, உலர்த்தி, பட்டையில் வைக்கிறார்கள். போர்த்த எவ்வளவு புரதம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு உப்புக் கரைசலை விட வேண்டும். எந்த அளவில் கூழ்மம் நீலமாகாமல் சிவப்பாகவே நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஸிக்மாண்டி 1901-இல் வகுத்ததும், பிளஸ் டூ வேதியியலில் தங்க எண் என்று படித்ததும் இதே சோதனை. நூற்றாண்டு கடந்தும் தொழிற்கூடங்களில் அப்படியே நடக்கிறது. ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப் போனபோது பார்த்தேன். கூழ்மம் குறையில்லை, எதிர்ப்பு உடல் குறையில்லை, ஆனாலும் சில மாதங்களில் பட்டைகள் மங்கின. அடைக்கும் அறையில் ஈரப்பதம் அதிகம். துகளைச் சுற்றி உலரும்போது காக்கச் சேர்த்த சர்க்கரை ஈரத்தை உறிஞ்சித் தன் வேலையைக் கைவிட்டிருந்தது. அறைக்கு ஈரம் நீக்கும் இயந்திரம் வைத்த பிறகு சரியானது.

குடிநீரிலும் இதே பாடம்தான். வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லும் என்பது ஆய்வுக்கூடத்தில் எளிதாகத் தெரியும். கிணற்று நீரில் சிலிக்கேட்டும் கால்சியமும் துகளின் மேல் படிந்து சில நாளிலேயே அதை அடைத்துவிடும். சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் 2013-இல் வெளியிட்ட வேலையில், அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானும் சேர்ந்த கூண்டுக்குள் வெள்ளித் துகள்களை வைத்தார்கள். அந்தக் கூண்டு படிவுகளைத் தடுத்து, நூறு கோடியில் 40 பங்கு என்ற அளவில் வெள்ளி அயனியைச் சீராக நீரில் விட்டது. முழுவதும் அறை வெப்பத்தில், நீரிலேயே செய்யப்பட்டது. நம் ஊர் நீரை வைத்துக்கொண்டு யோசித்தால்தான் இப்படியொரு தீர்வு வரும். எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் அது ஒன்று.

இப்போது தொடங்குகிறவர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. துகள் கிடைத்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். அதன்மேல் என்ன ஒட்டியிருக்கிறது, எவ்வளவு, எதனால் என்று கேளுங்கள். சீசாவின் லாட் எண், நீரின் மின்தடை, அறையின் ஈரப்பதம், காயவிட்ட நேரம், வராமல் போன சோதனைகள் எல்லாவற்றையும் கட்டுரையின் பின்னிணைப்பிலாவது எழுதுங்கள். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நுண்ணோக்கியை இயக்கியவரின் பெயரைச் சேருங்கள். வழிகாட்டிகளே, ஒரு மாணவர் செய்ததை இன்னொரு மாணவர் நோட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் செய்து காட்டும் வரை கட்டுரையை அனுப்பாதீர்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது நீண்ட நாள் வழக்கம். அதனால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. பதவி உயர்வுக் குழுக்கள் எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்தி, வேறு ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்ய முடிகிறதா என்று கேட்கத் தொடங்கினால், இந்த வழக்கம் எல்லா இடத்திலும் தானாக வந்துவிடும்.